உடன்பயில்வோர் தரும் கால்பங்கு

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் வடக்கே போனால் வேங்கிக்கால் வரும். ஏரிக்கரை ஊர். பழைய வடஆற்காடு மாவட்டம் 1989 செப்டம்பர் 30 அன்று இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதன் ஆட்சியர் அலுவலகம் இன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் மனுவோடு வருகிறவர்களுக்கு இது குறை சொல்லும் இடம். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் இளைஞர்களின் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரியும். இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்தர் என்று அவர்கள் விண்ணப்பத்தில் நிரப்பும் பதவிகளெல்லாம் இந்தக் கட்டடத்துக்குள் நாற்காலியும் மேசையுமாக உட்கார்ந்திருக்கின்றன.

அந்த நாற்காலிகளுக்கான படிப்பில் பெரும்பகுதி இப்போது கைபேசிக்குள் நடக்கிறது. விடியற்காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பு நிகழ்வுகள் வந்து விழும். மதியம் யாரோ பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து 'ஒன்வேர்ட்' கேள்விகளைத் தொகுத்துப் போடுவார்கள். இரவு டெலிகிராம் சேனலில் தினத்தேர்வு. நடுநடுவே கையால் எழுதிய குறிப்புகளின் படங்கள், பிடிஎஃப் கோப்புகள், இரண்டு நிமிடக் குரல் பதிவுகள். தேர்வர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லால் 'மெட்டீரியல்' என்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் 'நோட்ஸ்' என்பார்கள். பெயர் எதுவானாலும், உடன் படிப்பவரின் உழைப்பு இன்னொருவர் கைக்கு நொடியில் போய்ச் சேர்கிறது.

இவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்வது படிப்பாக மாறுகிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஏன் இத்தனை குரூப்புகள்?

2024 ஜூன் 9 அன்று நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். அறிவிக்கையில் இருந்த இடங்கள் 6,244. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்பதால் பள்ளியோடு நின்றவரும் முதுகலை முடித்தவரும் பொறியாளரும் ஒரே வரிசையில் நிற்கிற தேர்வு அது. மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அவற்றில் 100 கேள்விகள் தமிழிலிருந்து வருகின்றன. தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை.

இந்தத் தேர்வின் அடிப்படை நூல்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பாடப்புத்தகங்களே. தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வெளியிடும் அந்தப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ், வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல், அறிவியல் என்று அடுக்கினால் பல ஆயிரம் பக்கங்கள் சேரும். தனி ஒருவர் எல்லாவற்றுக்கும் குறிப்பு எடுப்பது பெரும்பாடு. நான்கு பேர் பிரித்துக்கொண்டால் சுமை கால்பங்காகும். வகுப்புக் கட்டணம் கட்டிப் படிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பங்கீடு கைகொடுக்கும் உதவி.

கூடிப் படிக்கும் பழக்கம் கைபேசிக்கு முன்பே இங்கு உண்டு. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களில் 'தன்னார்வ பயிலும் வட்டம்' என்ற பெயரில் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடக்கின்றன. கூடுகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து பயில்வார்கள் என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கு வேறொரு மரபு உண்டு. திருச்சியின் பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட ஐயம்பெருமாள் கோனாரின் தமிழ் உரை பல தலைமுறைகளின் புத்தகப் பைக்குள் இருந்தது. அண்ணன் படித்த உரைநூல் தம்பிக்கும், அவனிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் போகும். அதன் பிறகு வந்தது ஜெராக்ஸ் கடை. நன்றாக எழுதும் மாணவியின் நோட்டு தேர்வுக்கு முந்தின வாரம் ஊர் முழுக்கச் சுற்றி, ஓரம் கிழிந்து திரும்பி வரும்.

கைபேசி இந்தச் சுற்றின் வேகத்தை மாற்றியது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் வசதி 2013இல் வந்தது. கோப்புகளை அனுப்பும் வசதி 2016 தொடக்கத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் சரிந்தது. ஒரு வாட்ஸ்அப் குழுவில் 256 பேர் என்றிருந்த வரம்பு 2022இல் 1,024 ஆனது. டெலிகிராம் குழுவில் இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம். சேனல் என்றால் வரம்பே கிடையாது. நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்துப் பிடிஎஃப்பாக மாற்றித்தரும் செயலிகள் ஜெராக்ஸ் கடையின் வேலையைப் பாதியாகக் குறைத்தன. அவற்றில் பலரும் பயன்படுத்திய கேம்ஸ்கேனர் 2020 ஜூனில் தடை செய்யப்பட்ட 59 சீனச் செயலிகளில் ஒன்று. அது போனதும் மாணவர்கள் வேறு செயலிகளுக்கு மாறிக்கொண்டார்கள், பழக்கம் நிற்கவில்லை.

ஊரடங்கு எழுதிய பாடம்

2020 மார்ச்சில் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, அதுவரை மாணவர்களின் தனி ஏற்பாடாக இருந்த வாட்ஸ்அப் குரூப் ஒரே வாரத்தில் வகுப்பறையாகிவிட்டது. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த அரசின் கல்வித் தொலைக்காட்சி தமிழ்நாட்டுக்குப் பெரிய துணையாக இருந்தது. ஆனாலும் வீட்டுப்பாடம் கொடுக்கவும் விடைத்தாளைத் திருப்பி அனுப்பவும் கைபேசிதான் வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் 'அசர்' என்ற கல்வி நிலை ஆய்வு இந்தியக் கிராமப்புறங்களில் தொலைபேசி வழியாக விசாரித்தது. விசாரிப்பதற்கு முந்தைய வாரத்தில் பள்ளியிலிருந்து பாடப்பொருள் ஏதாவது கிடைத்த பிள்ளைகள் சுமார் மூன்றில் ஒரு பங்கினர். அப்படிக் கிடைத்தவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது வாட்ஸ்அப் வழியாக வந்தது. தனியார் பள்ளிப் பிள்ளைகளில் இந்தப் பங்கு 87 விழுக்காட்டைத் தொட்டது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் 67 விழுக்காடு. செயலி ஒன்றுதான், அதைத் திறக்கும் கைபேசி எந்த வீட்டில் இருந்தது என்பதில்தான் இருபது விழுக்காட்டு வித்தியாசம்.

இழந்ததை ஈடுகட்ட 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அது செயலியை நம்பவில்லை. தெருவில் வசிக்கும் தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். திரையில் வந்த பாடத்தை மனிதக் குரல் விளக்க வேண்டியிருந்தது என்பதை அந்தத் திட்டம் ஒப்புக்கொண்டது.

பின்னர் வந்த 'அசர் 2024' அறிக்கையில் இன்னொரு கணக்கு இருக்கிறது. கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்குத் திறன்பேசி பயன்படுத்தத் தெரியும். முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 76 விழுக்காடு. இரண்டும் ஒரே கைபேசியில், பல நேரம் ஒரே செயலியில் நடக்கின்றன. குறிப்பைத் தேடித் திறந்தவர் ஸ்டேட்டஸ் பார்த்துவிட்டு மூடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கவனம் ஒருமுறை சிதறினால் மாணவர் மறுபடி பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கை எடுத்துக்காட்டியது.

நன்னூல் போட்ட கணக்கு

பதின்மூன்றாம் நூற்றாண்டில், சீயகங்கன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூலை எழுதினார். இலக்கணம் தொடங்குமுன் பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படிப் படிக்க வேண்டும் என்று விரிவாகப் பேசுகிறார். அங்கே கல்வியை நான்கு பங்காகப் பிரித்து ஒரு கணக்கு போடுகிறார். ஆசிரியர் சொன்னதை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குக் கிடைப்பது கால்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிப் படிப்பதால் இன்னொரு கால்பங்கு சேரும். மீதி அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் நிரம்பும். பாடத்தைப் போற்றுவது, கேட்டதை நினைத்துப் பார்ப்பது, கேள்வி கேட்பது, பிறர் கேட்ட கேள்விக்கு விடை சொல்வது ஆகியவற்றை மாணவரின் கடமைகளாகவும் அவர் அடுக்குகிறார்.

இந்தக் கணக்கை இன்றைய குரூப்பின் மேல் வைத்துப் பார்க்கலாம். சேனலில் வந்த மெட்டீரியலைப் பதிவிறக்கி வைத்தவர் இன்னும் முதல் கால்பங்கைக்கூடத் தொடவில்லை, ஏனென்றால் அதைப் படிக்கவே இல்லை. படித்துவிட்டு நண்பரிடம் ஐயம் கேட்டவர் இரண்டாவது கால்பங்குக்குள் வந்திருக்கிறார். அந்த ஐயத்தைத் தீர்க்கக் குரல் பதிவு போட்டவர்தான் அரைப்பங்கை அள்ளிக்கொண்டவர். குரூப்பில் அதிகம் பயன் பெறுபவர் அதிகம் வாங்கியவர் இல்லை, அதிகம் விளக்கியவர்.

நம் திண்ணைப் பள்ளிகள் இதை நடைமுறையாகவே வைத்திருந்தன. வாத்தியாருக்கு அடுத்த நிலையில் சட்டாம்பிள்ளை இருப்பான். மூத்த மாணவன் இளையவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தருவான். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். ஆசிரியர்கள் தயங்கியபோது எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே மற்றவர்களுக்குச் சொல்லித்தர அமர்த்தினார். அந்த அனுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றே பெயர்.

அண்மைக்கால ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை புகழ்பெற்றது. ஒரு பத்தியை மாணவர்களில் ஒரு பகுதியினர் இருமுறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இருமுறை படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள்: அவர்களுக்கு 81 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது. இருமுறை படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2009இல் நடந்த ஆய்வொன்றில், தமக்காகப் படித்த பள்ளிப் பிள்ளைகளைவிட, கணினிப் பாத்திரம் ஒன்றுக்குச் சொல்லித்தருவதற்காகப் படித்த பிள்ளைகள் கூடுதல் நேரம் செலவிட்டுக் கூடுதலாகக் கற்றார்கள்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், தேர்வர்களின் குரூப்புகளில் மிகப் பயனுள்ளது எது என்பது தெளிவாகிறது. டெலிகிராம் 2020 ஜனவரியில் வினாடி வினா வகைக் கருத்துக்கணிப்பைக் கொண்டுவந்தது. கேள்வியும் நான்கு விடைகளும் தோன்றும். தொட்டவுடன் சரியா தவறா என்று தெரிந்துவிடும். விளக்கமும் சேர்க்கலாம். இருபது பக்கப் பிடிஎஃப்பைவிட அந்தப் பிடிஎஃப்பிலிருந்து ஒருவர் எடுத்த பத்துக் கேள்விகள் கனமானவை. கேட்டவரும் படிக்கிறார், விடை சொன்னவரும் நினைவைக் கிளறிப் பார்க்கிறார்.

தவறும் வேகமாகப் போகும்

மெட்டீரியல் பல கை மாறும்போது யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற தடயம் அழிந்துவிடுகிறது. அட்டையில் ஒட்டிய சேனல் முத்திரை மட்டும் மிஞ்சும். இதன் விளைவைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் நன்கு அறிவார்கள். தமிழ்நாட்டில் நெடுநாள் 32 மாவட்டங்கள் இருந்தன. 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவையும் 2020இல் மயிலாடுதுறையும் சேர்ந்து 38 ஆயின. மாநகராட்சிகள் 2024இல் 25 ஆயின. அந்த ஆண்டு சேர்ந்த நான்கில் திருவண்ணாமலையும் ஒன்று. பழைய குறிப்பைத் தேதி பார்க்காமல் மனப்பாடம் செய்கிறவர் தன் சொந்த ஊரைப் பற்றிய கேள்வியிலேயே மதிப்பெண்ணை இழக்கலாம். பாடப்புத்தகங்களும் 2018–19 கல்வியாண்டிலிருந்து படிப்படியாக மாறின. பழைய புத்தகத்தின் சுருக்கமும் புதிய புத்தகத்தின் சுருக்கமும் ஒரே குரூப்பில் கலந்து கிடக்கும்போது எது எதுவென்று பிரித்தறிவது கடினம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எழுதித்தரும் தமிழ்க் குறிப்புகளும் இப்போது இந்தக் குவியலில் சேர்கின்றன. நடை தெளிவாக இருப்பதால் தகவலும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுவது எளிது.

திருவண்ணாமலை மாவட்டம் மறக்கக் கூடாத நிகழ்வு ஒன்றும் உண்டு. 2022 பிப்ரவரியில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கான திருப்புதல் தேர்வின் வினாத்தாள்கள் தேர்வுக்கு முன்பே சமூக ஊடகங்களில் பரவின. கல்வித்துறையின் விசாரணை இந்த மாவட்டத்தின் இரண்டு தனியார் பள்ளிகளைச் சுட்டியது. பெருந்தொற்றால் பொதுத்தேர்வு நடக்குமோ நடக்காதோ என்ற அச்சம் நிலவிய காலம் அது. திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணே கணக்கில் வரலாம் என்று மாணவர்கள் நம்பினார்கள். ஒரு ஊரில் எடுத்த படம் மாநிலம் முழுவதும் போய்ச்சேர நீண்ட நேரம் தேவைப்படவில்லை.

அதைவிடப் பெரிய பாடம் தேசிய அளவில் கிடைத்தது. 2024 ஜூன் 18 அன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய யுஜிசி நெட் தேர்வு மறுநாளே ரத்து செய்யப்பட்டது. வினாத்தாள் முன்கூட்டியே டெலிகிராமில் வந்துவிட்டது என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட் போலியாகத் திருத்தப்பட்டது என்று சிபிஐ பின்னர் கண்டறிந்தது. கைபேசித் திரையில் சுற்றிய ஒற்றைப் படத்தால் லட்சக்கணக்கானோரின் உழைப்பு இரண்டு மாதம் தள்ளிப்போனது. 'வினாத்தாள் லீக்' என்று குரூப்பில் வரும் செய்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிற ஒவ்வொரு விரலுக்கும் இதில் பங்கு உண்டு.

யாருடைய உழைப்பு?

பகிர்வது நல்லது என்று சொல்லும்போதே எதைப் பகிர்கிறோம் என்றும் கேட்டாக வேண்டும். தான் எழுதிய குறிப்பைத் தருவது கொடை. கட்டணம் வாங்கும் பயிற்சி மையத்தின் புத்தகத்தை முழுவதுமாகப் படமெடுத்துப் போடுவது வேறு.

இந்திய நீதிமன்றங்கள் இந்த எல்லைக்கோட்டை இரண்டு வழக்குகளில் தொட்டிருக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை, பாடத்திட்டத்தில் உள்ள நூல்களின் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றது. ஆக்ஸ்ஃபோர்டு உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012இல் வழக்குத் தொடுத்தன. கற்பித்தலுக்காக நூல்பகுதிகளைப் படியெடுப்பதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கைச் சுட்டி, 2016 செப்டம்பர் 16 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறுஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

அதே நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இன்னொரு வழக்கில் வேறு பக்கம் நின்றது. போட்டித் தேர்வுப் பயிற்சியாளர் நீத்து சிங்கின் நூல்களையும் காணொளிகளையும் டெலிகிராம் சேனல்கள் அனுமதியின்றிப் பரப்பின. அந்தச் சேனல்களை நடத்தியவர்களின் தொலைபேசி எண் முதலான விவரங்களை நீதிமன்றத்திடம் தருமாறு டெலிகிராம் நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. பெயர் தெரியாத சேனலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் அன்றோடு ஆட்டம் கண்டது.

பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கும்போது, வேலைவாய்ப்புத் துறை தன் மெய்நிகர் கற்றல் வலைதளத்தில் காணொளிகளும் பாடக்குறிப்புகளும் கட்டணமின்றித் தரும்போது, திருட்டுப் பிடிஎஃப்பைத் தேடி அலையும் அவசியம் நம் தேர்வர்களுக்குக் குறைவு. புத்தகத்தைப் படித்துத் தன் கையால் சுருக்கியதைப் பகிர்ந்தால் சட்டச் சிக்கலும் இல்லை. சுருக்கும்போதே பாதிப் படிப்பு முடிந்தும் விடுகிறது.

குரூப்புக்கு வெளியே நிற்பவர்கள்

வேங்கிக்கால் போன்ற ஊர்களில் சிக்னல் தாராளம். இதே மாவட்டத்தின் ஜவ்வாது மலையில் அப்படி இல்லை. மலைக்கிராமத்து மாணவருக்குக் குரூப்பில் வந்த காணொளி நகரத்தில் திறக்கிற வேகத்தில் திறக்காது. பெரிய கோப்புகளைத் தவிர்த்து, ஒரு பக்கச் சுருக்கமாகவும் எழுத்துச் செய்தியாகவும் அனுப்புவது அவருக்குச் செய்யும் நியாயம்.

இன்னொரு இடைவெளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 14 முதல் 18 வயதினரைப் பற்றிய 'அசர் 2023' ஆய்வு, தமிழ்நாட்டின் பெரம்பலூர் உட்பட நாடு முழுவதும் 28 மாவட்டங்களில் நடந்தது. திறன்பேசி பயன்படுத்தத் தெரிந்த ஆண்பிள்ளைகளில் 43.7 விழுக்காட்டினரிடம் சொந்தக் கைபேசி இருந்தது. பெண்பிள்ளைகளில் 19.8 விழுக்காட்டினரிடம்தான் இருந்தது. அப்பாவோ அண்ணனோ வேலை முடிந்து திரும்பிய பிறகுதான் பெண்ணின் கைக்குக் கைபேசி வரும் என்றால், மாலையில் நடந்த கேள்வி பதிலை இரவு பத்து மணிக்குத்தான் அவள் பார்க்கிறாள். கேள்வி கேட்கும் பொழுது கடந்துவிடுகிறது.

எண் வெளியே தெரிவதும் பெண்களை ஒதுங்கவைக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கானோருக்கு எண் தெரியும். நள்ளிரவில் வரும் தனிச்செய்திக்கு அஞ்சிக் குரூப்பை விட்டு வெளியேறும் மாணவி, தான் எழுதிய நல்ல குறிப்புகளையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறாள். தன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்று முடிவு செய்யும் அமைப்பை வாட்ஸ்அப் 2019இல் கொண்டுவந்தது. டெலிகிராமில் எண்ணை மறைத்துப் பயனர் பெயரால் மட்டும் இயங்கலாம். இந்த இரண்டையும் சொல்லிக்கொடுப்பது ஒவ்வொரு அட்மினின் முதல் வேலையாக இருக்க வேண்டும். தனிச்செய்தி அனுப்பித் தொல்லை தருபவரை உடனே நீக்குவது இரண்டாவது வேலை.

சிறிய வட்டம்

இரண்டு லட்சம் பேர் உள்ள சேனல் ஒரு நூலகம் மாதிரி. தேவையானதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே பேச முடியாது. படிப்பு நடப்பது ஐந்தாறு பேருள்ள சிறு குரூப்பில். அங்கே ஒருவர் பதில் சொல்லவில்லை என்றால் மற்றவருக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு பாடம், ஆளுக்கு ஒரு அலகு. சுருக்கம் எழுதியவர் புத்தகத்தின் வகுப்பு, பக்க எண், எழுதிய தேதி மூன்றையும் மேலே குறிக்க வேண்டும். அனுப்பும் ஒவ்வொரு குறிப்போடும் ஐந்து கேள்விகள் வர வேண்டும். அவற்றுக்கு மற்றவர்கள் புத்தகம் பார்க்காமல் விடை எழுத வேண்டும். ஐயம் வந்தால் எழுதியவரே குரலில் விளக்க வேண்டும். தவறு கண்டவர் திருத்தத்தை அதே இடத்தில் பதிய வேண்டும். பேச்சு, வாழ்த்து, அரசியல் எல்லாவற்றுக்கும் வேறு குரூப் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை நூலகத்திலோ யாருடைய வீட்டுத் திண்ணையிலோ நேரில் கூடினால் வட்டம் முழுமையாகும்.

மாவட்ட நிர்வாகமும் இதில் செய்யக்கூடியது உண்டு. தன்னார்வ பயிலும் வட்டத்துக்கு நேரில் வர முடியாத மலைக்கிராமத்தினரையும், இரவில் மட்டும் கைபேசி கிடைக்கும் பெண்களையும் கணக்கில் கொண்டு, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சிறு குழுக்களை அமைக்கலாம். தேதியிட்டுச் சரிபார்த்த குறிப்புகளை மட்டும் அவற்றில் வெளியிடலாம். மாவட்டங்கள் 38 என்று திருத்துவதற்கு ஒரு நாள் போதும். திருத்தாத குறிப்பு எத்தனை ஆண்டு சுற்றும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதைப் படிக்கும் தேர்வர் ஒருவரின் கைபேசியில் இன்று வந்து திறக்காமல் கிடக்கும் பிடிஎஃப் ஒன்றாவது இருக்கும். அதை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யும் முன் திறந்து ஒரே ஒரு பக்கத்தைப் படியுங்கள். புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஐந்து கேள்விகளை எழுதி உங்கள் குரூப்பில் போட்டுவிட்டு, விடைகளுக்காகக் காத்திருங்கள்.